அப்டேட் போட்டாச்சு சார்

போன மாசி மாதம் சர்வீஸுக்கு விட்ட காரைத் திரும்ப எடுக்கப் போனபோது, அந்த சர்வீஸ் அட்வைசர் தம்பி சாவியை நீட்டிக்கொண்டே சொன்னது இது. "எமிஷன் அப்டேட் ஒண்ணு வந்துருந்துச்சு, போட்டாச்சு சார். ஃப்ரீதான்." பில்லில் அதற்கு நேரே பூஜ்யம். ஜாப் கார்டில் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று இரண்டே வார்த்தை. எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், ஒன்றும் கிடையாது. இலவசம் என்றதும் நானும் பல்லிளித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த அளவுக்குத் தப்பு என்மேலும் இருக்கிறது.

கம்பெனி பேர் வேண்டாம். 2021இல் வாங்கிய பிஎஸ்6 (புகைக்கான அரசு விதி) டீசல் கார். என் ஓட்டமெல்லாம் வேலூருக்குள்தான், சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, காட்பாடியிலிருந்து பாகாயம். கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நிற்கிற நேரம்தான் ஓடுகிற நேரத்தைவிட அதிகம். முன்பு லிட்டருக்கு 16 கொடுத்தது, இப்போது 14ஐத் தாண்டவில்லை. வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பது வாரத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சும்மா பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. கார் ஆயிலைக் குடிக்கும், கேள்விப்பட்டிருக்கிறேன். ஆயில் ஊறுமா? துணியில் துடைத்து மோந்து பார்த்தால் டீசல் வாடை.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். டீசல் எஞ்சினுக்குள் சூடு அதிகமானால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு அதிகமாகும். அதைக் குறைக்க, வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளேயே விடுவார்கள். அதுதான் ஈஜிஆர். நைட்ரஜன் ஆக்சைடு குறையும், ஆனால் கரி கூடும். கரியைப் பிடிக்க சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி. அது நிறைந்ததும் எஞ்சினுக்குள் கூடுதலாக டீசலைத் தெளித்து, சுமார் 600 டிகிரி வரை சூடேற்றி, கரியை எரித்துவிட வேண்டும். நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் விட்டு ஓட்டினால் வேலை முடியும். பாதியில் காட்பாடி ரயில்வே மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை அணைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் போய்ச் சேரும். எவ்வளவு புகையைத் திருப்பி விடுவது, எப்போது எரிப்பது என்று முடிவு செய்வது எல்லாம் மென்பொருள்தான். அதில் இரண்டு எண்ணை மாற்றினால் போதும், என் மைலேஜும் ஆயிலும் மாறிவிடும்.

அப்டேட்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வண்டிக்கும் வயதாகிறது. என் ஓட்டமும் டீசலுக்குத் தோதான ஓட்டம் இல்லை. ஆனால் நிரூபிக்கத் தேவையான ஒரே துண்டுச் சீட்டு, எதை மாற்றினார்கள் என்ற குறிப்பு, கம்பெனியிடம் இருக்கிறது, அதை என்னிடம் தர மாட்டேன் என்கிறார்கள். என் வயிற்றெரிச்சல் அதுதான்.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் மாட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். (என் கார் அந்தக் கம்பெனி இல்லை.) சோதனைக் கூடத்தில் நிற்கிறோம் என்று மென்பொருளே கண்டுபிடித்து அங்கே மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். அமெரிக்க ரோட்டில் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். நம் நாட்டில் மட்டும் 3 லட்சத்து 23 ஆயிரத்துச் சொச்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். வண்டியின் டிக்கியில் கருவியை வைத்து ரோட்டிலேயே அளந்து இதைக் கிளப்பிவிட்ட மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பெயரைப் பார்த்தபோது ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

நமக்குத் தெரியாத பாதி அதற்குப் பிறகு நடந்தது. திருட்டைச் சரிசெய்யப் போட்ட அப்டேட்டிலேயே இன்னொரு வேலை இருந்தது. வெளியே 15 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் நடுவில், 1000 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால்தான் ஈஜிஆர் முழுசாக வேலை செய்யும். 2022 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இதுவும் சட்டவிரோதம் என்று சொன்னது. 33 டிகிரி! வேலூரில் சித்திரை மாதம் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டிவிடும். சரி, சூடு தாங்காமல் ஏலகிரிக்கு ஏறினால் அங்கே 1000 மீட்டர் தாண்டிவிடும். அது ஐரோப்பிய வண்டி பற்றிய தீர்ப்பு, நம்மூர் வண்டிக்குள் என்ன எழுதியிருக்கிறதோ. கேட்டால் யார் சொல்வார்கள்?

வடாற்காட்டுக்காரனுக்கு இந்தத் தந்திரம் புதிதில்லை. அதிகாரி வருகிற நாளில் சுத்திகரிப்பு நிலையம் ஓடும், ராத்திரியில் கழிவுநீரைப் பாலாற்றில் திறந்துவிடுவார்கள் என்று தோல் பதனிடும் ஷெட்டுகளைப் பற்றி நம் அப்பா காலத்திலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். 1996இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவனே காசு கட்டு' என்பதை இந்த நாட்டுச் சட்டம் என்று சொன்னது நம் வேலூர் தோல் ஷெட் வழக்கில்தான். 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் ஃபோக்ஸ்வேகனுக்கு 500 கோடி அபராதம் போட்டபோது எனக்குப் பாலாறுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, அது வேறு கதை.

பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கிறதே என்பார்கள். பெட்ரோல் பங்க் ஓரத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பவர் சைலன்சரில் குழாயைச் சொருகி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வார். டீசல் வண்டிக்கு அவர் அளப்பது புகையின் அடர்த்தியை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்கும் தெரியாது, அந்தக் கருவிக்கும் தெரியாது.

இன்னொரு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன். "இன்னா சார் இதுக்குப் போய் கவலைப்பட்டுக்குனு, டிபிஎஃப்பைக் கழட்டிட்டு சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிடலாம், வண்டி சும்மா பறக்கும்." ரேட்டும் சொன்னார். ஒரு நாள் ராத்திரி ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புகை குறையட்டும், அதற்காக ஒன்றிரண்டு கிலோமீட்டர் மைலேஜ் போனால் போகட்டும். முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழைய வெர்ஷன் எண், புதிய வெர்ஷன் எண், என்ன மாறியது, ஈஜிஆரோ டிபிஎஃப்போ சீக்கிரம் போனால் யார் செலவு. தமிழில் அரைப் பக்கம் போதும்.

நேற்று ஆயில் மாற்ற விட்டேன். ஜாப் கார்டில் 'என்னைக் கேட்காமல் மென்பொருளைத் தொட வேண்டாம்' என்று ஏற்றச் சொன்னேன். "அதை டைப் பண்ண கம்ப்யூட்டர்ல இடமே இல்ல சார்" என்றார் அதே தம்பி. பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்தேன்.