பாண் கேட்டால் பரண்

மூன்று நாளா வயிறு எரியுது. மத்திய வீதியில எங்கட வெதுப்பகத்துக்குப் புதுப் பலகை போட்டம், 8 அடிக்கு 2 அடி. இங்கிலீசு எழுத்தைக் குறை சொல்லேலாது. தடிச்சு, ஒடுங்கி, ஒவ்வொரு காலுக்குக் கீழயும் செங்கல் வச்ச மாதிரிச் சதுரப் பாதத்தோட நிக்குது. இந்த வகைக்கு ஸ்லாப் செரிஃப் எண்டு பேர். 1845இல லண்டனில வந்த கிளாரெண்டன் எண்ட எழுத்துரு எல்லாம் இந்தப் பரம்பரைதான். சுவரொட்டியில தூரத்துக்குத் தெரியவெண்டே வளர்ந்த இனம். ஒடுக்கமா வேணுமெண்டா அதை ஒடுக்கமாவே தனியா வரைஞ்சிருப்பாங்கள்.

தமிழுக்கு என்ன நடந்தது? பாமினி எண்ட தமிழ் எழுத்துருவை எடுத்து, பக்கவாட்டில பிடிச்சு நசுக்கியாச்சு. நசுக்கினா நிமிர்ந்த கோடெல்லாம் மெலியும், படுத்த கோடு அப்படியே தடிப்பா கிடக்கும். அதைச் சரிக்கட்டச் சுத்திவர ஒரு கோடு போட்டு ஊதப்பண்ணியாச்சு. ஊதினவுடன 'ண'வின்ர சுழியெல்லாம் அடைச்சுக் கறுப்புக் கட்டி. புள்ளி போய்த் தலையில ஒட்டிக்கொண்டுது.

அதோட விட்டாலும் பரவாயில்லை. பலகை செய்த பொடியன் தமிழுக்கும் பாதம் வச்சிருக்கிறான்! சின்னச் சின்னச் சதுரம் வெட்டி ஒவ்வொரு காலுக்கும் ஒட்டியிருக்கிறான். அட, துணைக்காலுக்குக் கீழ எதையாவது ஒட்டினா அது 'ர' எண்டு முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியுமே! 'சூடான பாண்' எண்டு எழுதித் தாடா எண்டா, 'சூடரன பரண்' எண்டு தொங்குது.

போய்க் கேட்டன்.

"தம்பி, இது என்ன எழுத்து?"

"இங்கிலீசுக்கு மேட்சா இருக்கோணும் அண்ணை. அதான் கால் வச்சனான்."

கால் வச்சவராம்! இங்கிலீசில ஒரு எழுத்தின்ர காலை வெட்டிப்போட்டு இதுதான் ஸ்டைல் எண்டு யாருக்காவது குடுப்பானா? மேட்ச் ஆகவேணுமெண்டா தடிப்பைப் பொருத்து, உயரத்தைப் பொருத்து. இடம் காணாட்டி இங்கிலீசைச் சின்னனாக்கு. நசுங்கிறது மட்டும் எப்பவும் தமிழ்தானா?

நேற்றுக் காலமை ஒரு ஐயா சைக்கிளை நிப்பாட்டி, அண்ணாந்து பார்த்து, "பரண் அடிச்சுக் குடுப்பியளோ தம்பி?" எண்டு கேட்டார். பகிடி இல்லை, உண்மையாத்தான் கேட்டவர். பலகையைப் பார்த்துக் குழம்பாமல் நிண்டது வீதியில திரியிற மான் ஒண்டு மட்டும்தான். அது பணிசுக்கு வந்தது.

பலகையை இறக்கிச் சுவரில சாத்தியாச்சு. இப்ப கடை வாசலில ஒரு பிஸ்கட் பெட்டி மட்டை, அதில என்ர கையெழுத்தில 'பாண் உண்டு'.