அமெச்சூர் என்றால் அரைகுறை என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு விழாவில் ஒரு பிரமுகர் பேசிய வீடியோ எல்லார் கைக்கும் வந்திருக்கும். ஒரு படத்தைத் திட்டப்போய், "ஏதோ அமெச்சூர் நாடகம் மாதிரி இருந்தது" என்றார். அரங்கமே கைதட்டியது. அவர் படத்தைத் திட்டட்டும், அது அவர் பாடு. அந்தக் கைதட்டல்தான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

அமெச்சூர் என்றால் சம்பளம் வாங்காமல் நடிப்பவர். தொழில் தெரியாதவர் என்று அர்த்தமில்லை.

1891-இல் பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. நடத்தியவர் கிருஷ்ணமாசார்லு, வக்கீல். படித்தவர்கள் கூச்சமில்லாமல் மேடையேறியதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி நண்பர்களைச் சேர்த்துச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவர் பதின்வயதைத் தாண்டவில்லை. கூத்தாடி என்பது வசவாக இருந்த காலம் அது. பின்னாளில் நீதிபதியான அவர் அப்போதும் நாடகத்தை விடவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் அந்தச் சபையில் வேஷம் கட்டினார்கள். விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் அடங்கியது. பாட்டுக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்த வசனம் முன்னுக்கு வந்தது. அந்தச் சபை கொழும்புக்குப் போய் நாடகம் போட்டதன் தாக்கத்தில்தான் அங்கே லங்கா சுபோத விலாச சபை எழுந்தது. இலங்கை நாடகக் கலைஞர் கலையரசு சொர்ணலிங்கம் பம்மலைத் தம் குருவாகவே மதித்தார். இத்தனையும் செய்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள்.

"அது மேல்தட்டுக்காரர்கள் கிளப், பெண்களை மேடையேற்றவே இல்லை" என்று ஒருவர் எழுதுவார். உண்மை. பெண் வேஷமும் ஆண்களே கட்டினார்கள். அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகளின், அதாவது சிறுவர்களை வைத்துத் தொழிலாக நாடகம் போட்ட குழுக்களின் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இப்போது பேச்சு அதுவல்ல. தொழில் தெரியுமா, தெரியாதா என்பதுதான் பேச்சு.

"சபா நாடகத்தில் வரிசையாக நின்று வசனம் ஒப்பிப்பார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஏன் அப்படி நின்றார்கள் என்று ஒருவராவது கேட்டதுண்டா? மேடை விளிம்பில் இரண்டோ மூன்றோ மைக்தான் இருக்கும். ஐந்தாறு அடி பின்னால் போனாலே குரல் தேய்ந்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து வரும், இன்னும் கூட்டினால் மைக் ஊளையிடும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் வசனம் கேட்க வேண்டுமே என்றுதான் முன்னால் வந்து நின்றார்கள். வேறு வழி இல்லாததைத் திறமை இல்லாததாகச் சொல்வது நியாயமா?

ஒட்டுமீசையை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் மீசை கழன்றால் கட் சொல்லி மறுபடி ஒட்டலாம். மேடையில் இரண்டு மணி நேரம் விளக்குச் சூட்டில் அது நின்றாக வேண்டும். மேக்கப் பூசிய பிறகு அதன்மேல் ஒட்டினால் எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது, வியர்த்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் மேலுதட்டை முதலிலேயே துடைத்துக் காயவைத்து, ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையை மெல்லிசாகத் தடவி, அது பிசுபிசுப்பாகும்வரை பொறுத்து, ஈரத்துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கெட்டியாகத் தடவினால் காயாது. நடிகர் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது ஒட்டினால் முதல் சிரிப்பிலேயே நடுவில் இழுபடும். பேங்கிலிருந்து ஆறு மணிக்கு ஓடிவந்து ஆறரைக்கு மேடையேறுகிறவருக்கு இதெல்லாம் அத்துப்படி. இதுவா அரைகுறை?

மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டரைச் சொல்லாமல் விட்டால் பாவம். பக்கத் திரைக்குப் பின்னால், கையில் பிரதியோடு, மங்கலான விளக்கில் நிற்பவர். நடிகர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி எது, வசனம் மறந்து விழிப்பது எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்தால் அழுகைக் காட்சி கெடும். தாமதித்தால் எதிரில் நிற்பவரும் தடுமாறுவார். முழு வாக்கியத்தையும் சொல்லக் கூடாது. முதல் இரண்டு சொல் போதும், அதுவும் எதிராளி பேசி முடிக்கும் மூச்சில். ஒத்திகையில் அடித்துத் திருத்திய வரியை அன்றன்றே பிரதியில் ஏற்றாவிட்டால், மேடையில் ஒருவர் பழைய வசனம் பேசுவார், இன்னொருவர் புதிய பதில் சொல்வார். அறுபது பக்கப் பிரதியை ஒரு மாத ஒத்திகையில் அவர் எத்தனை முறை படித்திருப்பார்! கைதட்டல் ஒருநாளும் அவருக்கு வந்ததில்லை. அந்தப் பிரமுகருக்குத் தட்டிய கைகளில் ஒன்றுகூட அவருக்காகத் தட்டியதில்லை.

கோபம் வெளியார்மேல் மட்டுமில்லை. நாடகம் போடும் நாமும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லையே! நோட்டீசில் இசை, ஒளி, ஒப்பனை, அரங்கப் பொருள் என்று அத்தனை பேர் பெயரும் இருக்கிறது. பிராம்ப்டர் பெயர் எங்கே? அடுத்த மாதம் நாடகம் போடுகிறவர்கள் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.