நட்சத்திரம் வராத இரவும் முழு நாடகம்தான்

இசை நாடகம் பார்ப்பதற்கென்றே நாடு விட்டு நாடு போகிறவர்கள் கூடும் இடங்களில் ஒரு புலம்பலைத் தவறாமல் கேட்கிறேன். பல மாதங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்து, அலுவலகத்தில் விடுப்பு வாங்கி, விமானத்துக்கும் விடுதிக்கும் செலவழித்து, நியூயார்க்கிலோ லண்டனிலோ போய் இருக்கையில் அமர்ந்து நிகழ்ச்சி ஏட்டைப் பிரித்தால், உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு நழுவி மடியில் விழுகிறது. இன்றைய காட்சியில் இந்தப் பாத்திரத்தில் இன்னாருக்குப் பதிலாக இன்னார் நடிக்கிறார் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று அந்த நொடியிலேயே மனம் உடைந்துபோகிறவர்கள் உண்டு. இடைவேளையில் எழுந்து போய்விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நானும் இந்தக் கலைக்காகப் பல ஆண்டுகளாகப் பயணம் செய்கிறவள்தான். அந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது தவறான இடத்தில் வைக்கப்பட்ட ஏமாற்றம் என்றே உறுதியாக நினைக்கிறேன்.

இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயிலும், லண்டனில் அதுபோன்ற பகுதியான வெஸ்ட் எண்டிலும் ஒரு இசை நாடகம் பொதுவாக வாரத்துக்கு 8 காட்சிகள் நடக்கிறது. ஆடிக்கொண்டே பாட வேண்டிய ஒரு பாத்திரத்தை வாரத்துக்கு எட்டு முறை, மாதக்கணக்கில், எந்த மனிதக் குரலாலும் இடைவிடாமல் தாங்க முடியாது. எனவே ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் மாற்று ஆள் தயாராக இருக்கிறார். குழுவில் ஒருவராகத் தினமும் ஆடிப் பாடிக்கொண்டே, தேவைப்படும்போது பெரிய பாத்திரத்துக்கு மாறுகிறவர் அண்டர்ஸ்டடி. மேடையில் வேறு வேலை இல்லாமல், அழைப்பு வந்தால் ஏறுவதற்காக மட்டும் காத்திருப்பவர் ஸ்டாண்ட்பை. வாரத்தில் குறிப்பிட்ட காட்சிகளைத் தனக்கென்றே பெற்றிருப்பவர் ஆல்டர்னேட். இவர்கள் எல்லோரையும்விட நான் அதிகம் வியப்பது ஸ்விங் என்று அழைக்கப்படுகிறவர்களைத்தான். குழுவில் இருக்கும் பல பேருடைய இடங்களையும், ஒவ்வொருவரின் நடன அடிகளையும், பாடலில் அவரவர் பாடும் சுருதி அடுக்கையும், உடை மாற்றும் நேரத்தையும், எந்த மேசையை யார் எந்தப் பக்கமாகத் தள்ளிச் செல்ல வேண்டும் என்பதையும் மனப்பாடமாக வைத்திருந்து, யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்கிறவர்கள் இவர்கள்.

மாடி இருக்கையில் உட்கார்ந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பல நடன நாடகங்களில் மேடையின் முன் விளிம்பு நெடுகச் சிறிய எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் பூஜ்யம், அங்கிருந்து இரு பக்கமும் இரண்டு, நான்கு, ஆறு என்று போகும். ஒவ்வொரு நடனக் கலைஞரும் எந்த வரியில் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. தினமும் ஆடுகிறவருக்குத் தன் எண்கள் மட்டும் தெரிந்தால் போதும். ஸ்விங்குக்குப் பலருடைய எண்களும் தெரிய வேண்டும். அதிலும் நேற்று நான்கில் நின்றவர் இன்று எட்டில் நிற்கும்போது, நேற்றைய பழக்கம் கால்களை இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது பயிற்சியால் மட்டும் வருவதில்லை. தனிப்பட்ட ஒரு மூளைத்திறன் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2021 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் வின்டர் கார்டன் அரங்கில் நடந்ததை இந்தத் துறையைப் பின்தொடர்கிறவர்கள் அறிவார்கள். 'தி மியூசிக் மேன்' நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகள், அதாவது முறையான தொடக்க நாளுக்கு முன்பே ரசிகர்களுக்காக நடத்தப்படும் காட்சிகள், அப்போதுதான் தொடங்கியிருந்தன. நாயகி சட்டன் ஃபாஸ்டர் கோவிட் காரணமாக வர முடியவில்லை. நாயகன் ஹியூ ஜாக்மேனுடன் அன்று நாயகியாக நடித்தவர் கேத்தி வாய்ட்கோ என்ற ஸ்விங். நண்பகலில்தான் அவருக்குத் தகவல் சொல்லப்பட்டது. அந்தப் பாத்திரத்துக்கான அவருடைய முதல் ஒத்திகை பிற்பகல் 1 மணிக்குத்தான் தொடங்கியது. அன்று இரவே முழு அரங்கின் முன் நடித்து முடித்தார். இறுதி வணக்கத்தின்போது ஜாக்மேன் அவரை முன்னால் அழைத்து நிறுத்தி, ஸ்விங்குகளும் அண்டர்ஸ்டடிகளும்தான் பிராட்வேயின் ஆதாரம் என்ற பொருளில் பேசிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் குளிர்காலத்தில் பல நாடகங்கள் இவர்களால்தான் நடந்தன. மாற்று ஆள்களும் தீர்ந்துபோன இடங்களில் காட்சிகள் ரத்தாயின. டிக்கெட் வாங்கியிருந்த ஒவ்வொருவரும் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். லண்டனில் 'லே மிஸராப்ல' பார்த்த ஒரு பிற்பகலில் ஜாவேர் என்ற காவல் அதிகாரி பாத்திரத்துக்கு மாற்று நடிகர் வந்திருந்தார். நாடகம் தொடங்கிய சற்று நேரத்திலேயே, பத்தொன்பது ஆண்டுச் சிறைக்குப் பின் வெளியேறும் நாயகன் ஜான் வால்ஜானிடம் ஜாவேர் நிபந்தனை விடுதலைக்கான ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுக்கும் இடம் வரும். அதை நான் வெவ்வேறு நடிகர்கள் நடிக்கப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அலட்சியமாக நீட்டுவார், இன்னொருவர் கீழே போடுவார். இந்த மாற்று நடிகர் சீட்டை நீட்டினார், ஆனால் விடவில்லை. வால்ஜான் பிடித்து இழுத்த பிறகும் அவருடைய இரண்டு விரல்கள் அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டே இருந்தன. வால்ஜான் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் விரல்கள் தளர்ந்தன. அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு ஜாவேர் ஏன் இந்த மனிதனைத் துரத்திக்கொண்டே இருக்கிறான் என்பதற்கு அந்த விரல்களிலேயே விடை இருந்தது. நாடகத்தின் பிற்பகுதியில் வால்ஜான் அவனை உயிரோடு விட்டுவிடும்போது, அதை ஜாவேரால் ஏன் தாங்க முடியவில்லை என்பதும் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. அந்த நடிகரின் பெயர் சுவரொட்டியில் இல்லை. மற்ற நாள்களில் அவர் குழுவில் ஒருவராகக் கைதியாகவும் மாணவனாகவும் நின்று பாடுகிறவர். அன்று நான் வேறு ஒருவரை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஆனால் இன்றுவரை என் நினைவில் இருக்கும் ஜாவேர் அவர்தான்.

ஒரு பாத்திரம் ஒரு நடிகருக்குச் சொந்தம் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. 'எவிட்டா' 1979இல் பிராட்வேக்கு வந்தபோதே, நாயகியாக பட்டி லுபோன் மாலைக் காட்சிகளில் நடிக்க, பகல் காட்சிகளுக்கு இன்னொரு நடிகை இருந்தார். அந்தப் பாட்டுகள் குரலை அவ்வளவு கசக்கிப் பிழிபவை. சியோலில் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, எந்த நாளில் யார் நடிக்கிறார் என்று அட்டவணை போட்டு அறிவித்துவிடுகிறார்கள். அங்குள்ள ரசிகர்கள் எல்லோரையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே நாடகத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். 1992இல் வியன்னாவில் அரங்கேறிய 'எலிசபெத்' நாடகத்தை 1996 முதல் ஜப்பானின் தகராசுகா குழுவினர் நிகழ்த்திவருகிறார்கள். பெண்கள் மட்டுமே நடிக்கும் அந்த நிறுவனத்தில் ஐந்து குழுக்கள் உள்ளன. வியன்னாவில் ஆஸ்திரிய மகாராணி எலிசபெத்தைச் சுற்றி எழுதப்பட்ட கதை, அங்கே மரணம் என்ற பாத்திரத்தை மையமாகக் கொண்டு திரும்பிவிட்டது. குழு மாறும்போதும் ஆண்டு மாறும்போதும் அந்த மரணத்தின் முகம் மாறுகிறது. யாருடைய மரணம் எப்படி நடந்து வந்தது, எப்படி அழைத்தது என்று ரசிகர்கள் நுணுகி ஒப்பிடுகிறார்கள். நடிகர் மாறுவதை இழப்பாகக் காணாமல், நாடகத்தை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பாகக் காணும் ரசனை அது. நமக்கும் அது பழக வேண்டும்.

பெரிய பெயரை வைத்து டிக்கெட் விற்கும் முறையும் இந்த மனநிலைக்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. நாடகத் தலைப்புக்கு மேலே யாருடைய பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ அவர் வராவிட்டால் மட்டும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது பிராட்வேயின் பொதுவான வழக்கம். அந்தப் பெயருக்காகவே பல மடங்கு விலை கொடுத்தவர் திரும்பக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் வருத்தம் அவர்களைப் பற்றியதல்ல. தலைப்புக்கு மேலே எந்தப் பெயரும் இல்லாத நாடகத்துக்குப் போய்விட்டு, துண்டுச் சீட்டைக் கண்டதும் இது இரண்டாந்தரக் காட்சி என்று முடிவுகட்டிக் கைதட்டக்கூட மனம் வராமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியது.

இந்தப் பேச்சு வந்தால் உடனே ஷெர்லி மெக்லெயினைச் சொல்வார்கள். 1954இல் 'தி பஜாமா கேம்' நாடகத்தில் கேரல் ஹேனிக்கு அடிபட்டபோது மாற்றாக மேடையேறி, அதன் வழியாகத் திரைப்படத்துக்குப் போனவர் அவர். நல்ல கதைதான். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி மாற்று நடிகர்களுக்கு மதிப்புத் தேடுவது எனக்கு உடன்பாடில்லை. நாளை நட்சத்திரம் ஆவார் என்பதற்காக ஒருவரை இன்று மதிக்கக் கூடாது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நட்சத்திரம் ஆகப்போவதில்லை. இருபது ஆண்டுகள் ஸ்விங்காகவே இருந்து ஓய்வுபெறுகிறவரின் தொழில் நிறைவான தொழில்.

பயணம் செய்து போகிற ரசிகர் உண்மையிலேயே வருந்த வேண்டிய இழப்புகள் வேறு இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 'லே மிஸராப்ல' லண்டனில் 1985இல் தொடங்கியபோது அதன் மேடை சுழலும் தட்டின் மீது அமைக்கப்பட்டிருந்தது. கதையில் கிளர்ச்சி செய்யும் மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரண் மெல்லத் திரும்பி, அதன் மறுபக்கத்தில் இறந்து கிடப்பவர்களைக் காட்டும் காட்சி அந்தச் சுழற்சிக்காகவே பிறந்தது. பின்னாளில் அது நடந்துவந்த குவீன்ஸ் அரங்கு 2019 டிசம்பரில் சொண்ட்ஹைம் அரங்கு என்ற புதுப்பெயருடன் திறக்கப்பட்டபோது சுழல்மேடை இல்லாத புதிய அமைப்பு வந்துவிட்டது. 1986இல் தொடங்கிய 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபெரா' கோவிட் மூடலுக்குப் பின் 2021இல் லண்டனில் மீண்டும் திறந்தபோது, 27 பேர் இருந்த இசைக்குழு 14 பேராகக் குறைந்திருந்தது. ஆபெரா அரங்கைப் பற்றிய நாடகத்தில், வயலின்கள் எண்ணிக்கையில் சேர்ந்து எழுப்ப வேண்டிய அந்த அலையைக் கருவிகளைக் குறைத்துவிட்டு எப்படிக் கொண்டுவர முடியும்? நியூயார்க்கில் 2003 மார்ச்சில் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே காரணத்துக்காகத்தான். பெரிய அரங்குகளில் குறைந்தது 24 முதல் 26 பேர் வாசிக்க வேண்டும் என்றிருந்த விதியை உடைக்கத் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் இசைக்கலைஞர்களுக்கு ஆதரவாக வெளியே நின்றதால் இசை நாடகங்கள் நான்கு நாள்கள் முடங்கின. கடைசியில் எண்ணிக்கை 18, 19 என்று இறங்கியது.

முழு இசைக்குழு என்ன செய்யும் என்பதை 2008இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 'சவுத் பசிஃபிக்' நாடகத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தொடக்க இசையின் நடுவே மேடைத் தளம் பின்னால் நகர்ந்து, கீழே வாசித்துக்கொண்டிருக்கும் 30 கலைஞர்களையும் காட்டியது. கதை தொடங்குவதற்கு முன்பே அரங்கம் கைதட்டியது. நாயகனாக யார் வந்தாலும் அந்த முப்பது பேர் வாசிக்கும் இரவு பயணத்துக்குத் தகும். நட்சத்திரம் வந்து, பாதிக் கருவிகளின் ஒலி கணினியிலிருந்து வரும் இரவைப் பற்றித்தான் நாம் கடிதம் எழுத வேண்டும், கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவு 1970 முதல் நாடகங்களை ஒளிப்பதிவு செய்து பாதுகாக்கிறது. ஆய்வுக்கென்று முன்பதிவு செய்து அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். மிக மதிப்புள்ள பணி அது. ஆனாலும் அங்கே பதிவாவது பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட நடிகர்களின் ஒரு காட்சிதான். இசைத்தட்டில் இருப்பதும் முதல் குழுவின் குரல்களே. எனவே புகழ்பெற்றவரின் நடிப்புக்கு ஏதாவது ஒரு சான்று எங்காவது மிஞ்சும். மாற்று நடிகர் ஒரு புதன்கிழமை பிற்பகலில் செய்து காட்டியதற்கு, அந்த அரங்கில் இருந்தவர்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நேரில் போய்ப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர் என்று சொல்லிப் பயணம் கிளம்புகிற நாம், நேரில் மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றைக் கண்டு முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை.

நான் பயணத்தைத் திட்டமிடும் விதமும் இதனால் மாறிவிட்டது. மனத்துக்கு நெருக்கமான நாடகம் என்றால், புதிய நாடகம் ஒன்றை விட்டுக்கொடுத்தாவது அதற்கு இரண்டு காட்சிகள் எடுக்கிறேன். அதில் ஒன்று பகல் காட்சியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். முதல் முறை கதையோடு போகலாம். இரண்டாம் முறை ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கலாம். குழுவில் யாராவது மாறியிருந்தால் பக்கத்தில் ஆடுபவர்கள் கண்ணாலேயே அவருக்கு வழி சொல்வதையும் அப்போது பார்க்க முடியும்.

அரங்குகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. அன்றன்றைய நடிகர் பட்டியலைக் காலையிலேயே தங்கள் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும். தொலைவிலிருந்து வருகிறவர் விரும்பினால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், என்னைப் போன்றவர்கள் மாற்று நடிகருக்காகவே டிக்கெட் எடுக்கலாம். இறுதி வணக்கத்தின்போது, அன்று முதன்முறையாக ஒரு பாத்திரத்தை ஏற்றவர் இருந்தால் அவர் பெயரைச் சொல்லி முன்னே நிறுத்த வேண்டும். சில குழுக்களில் சக நடிகர்கள் தாங்களாகவே இதைச் செய்கிறார்கள். அதை எல்லா அரங்குகளும் முறையான வழக்கமாக்க வேண்டும்.