அத்தையின் இரண்டாவது ஞானஸ்நானம்

நேற்று எங்கள் ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை, ஆண்டவரின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பெறும் நாள். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், எப்போதும் உட்காரும் இடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போனோம். அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் கடந்துபோகக் கால்களை ஒதுக்கிக்கொண்டு, மடியில் இருந்த பாமாலைப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு 71 வயது. இளவயதில் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் பெற்ற நாளிலிருந்து, உடம்புக்கு முடியாத நாட்கள் தவிர, அவர் திருவிருந்தை விட்டதில்லை.

குழந்தையிலேயே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றிருந்த அத்தை, மூன்று மாதங்களுக்கு முன் இன்னொரு சபையில், தண்ணீரில் முழுகிப் பெறும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். செய்தி சபைக் கமிட்டிக்கு எட்டியது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கும்வரை திருவிருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்தச் சபை, எந்தக் கமிட்டி என்று எழுதப்போவதில்லை. தென்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இப்படி ஓர் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள்.

அத்தையை முழுக்குக்குக் கொண்டுபோனது பயம்தான். ஜெபக் கூட்டத்துக்கு வந்த ஒருவர், "குழந்தையில் தெளித்த தண்ணீர் செல்லாது அம்மா. இன்று இரவு ஆண்டவர் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அதன்பின் பல நாட்கள் அவருக்குத் தூக்கம் இல்லை. ஒரு சனிக்கிழமை அதிகாலையில் வெள்ளைச் சேலையோடு, இடுப்பளவுத் தண்ணீர் இருந்த சிமெண்டுத் தொட்டியில் இறங்கினார். "குளிரில் பல் கிட்டிவிட்டது. ஆனால் பயம் போய்விட்டது" என்று பிறகு என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. விடியற்காலையில் எழுந்து வேதம் வாசித்து, ஊரில் உள்ள நோயாளிகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஜெபிக்கிற ஒரு மனுஷிக்கு, தான் இரட்சிக்கப்படவில்லையோ என்ற பயத்தை உண்டாக்குகிற உபதேசம் எப்படி நற்செய்தியாகும்?

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறார் பவுல். ஈவு என்றால் கொடை. தெளித்த தண்ணீரா, முழுகிய தண்ணீரா என்று அளந்து பார்த்துக் கொடுப்பது கொடையாகாது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு கை தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. அவனிடம்தான் ஆண்டவர் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்று மாற்கு 16:16-ஐ எடுத்துக்காட்டுகிறவர்கள் அந்த வசனத்தின் பின்பாதியையும் நிதானமாக வாசிக்கட்டும். "விசுவாசியாதவனோ" என்றுதான் அங்கே இருக்கிறது, "ஞானஸ்நானம் பெறாதவனோ" என்று இல்லை.

நம் திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே இதற்குச் சாட்சி. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை ஒருவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, அவர்கள் முறைப்படி மணம் செய்துகொள்ளாதவர்கள் என்பதால் ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. அவர்தான் கிளாரிந்தா. 1780-இல் பாளையங்கோட்டைச் சபையில் இருந்தவர்கள் நாற்பது பேர், பல சாதிக்காரர்கள். 1785-இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை ஊர் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறது. காத்திருந்த அத்தனை வருடங்களும் அந்த அம்மாள் ஆண்டவருக்கு அந்நியராகவா இருந்தார்? என்னால் அப்படி நினைக்கவே முடியவில்லை.

இன்றும் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடுகிறது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் கிடைத்த திருத்தம் கிறிஸ்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் எண்ணி, கடைசி பெஞ்சில் கண்ணீரோடு உட்கார்ந்து, ஞானஸ்நானம் பெறாமலே வீட்டுக்குப் போகிறவர்களை நான் அறிவேன். நமக்கு விருந்தோடும் போட்டோவோடும் கிடைத்த தண்ணீர் அவர்களுக்கு எவ்வளவு விலை! அவர்கள் இரட்சிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

அப்படியானால் ஞானஸ்நானம் எதற்கு? முதலாவது, ஆண்டவர் கட்டளையிட்டார். இரண்டாவது, அவர் நம்மைத் தனித்தனியாக இரட்சித்துத் தனித்தனியாக விட்டுவிடுவதில்லை. "எல்லாரும் ஒரே ஆவியினாலே ஒரே சரீரத்திற்குள்ளாக ஞானஸ்நானம் பண்ணப்பட்டு" என்று பவுல் எழுதினார். ஞானஸ்நானத்தில் நமக்கு ஒரு குடும்பம் கிடைக்கிறது. பிறந்த வீட்டை நாம் தெரிந்தெடுக்காததுபோல, இந்தக் குடும்பமும் நாம் கேட்பதற்கு முன்னே நம்மை ஏந்திக்கொள்கிறது. குழந்தை ஞானஸ்நானத்தை நான் நம்புவது இதனால்தான். பிலிப்பிச் சிறைச்சாலைக்காரனும் அவனுடைய வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள், ஆனால் அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. அந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டுவதும் சரியில்லை, அதை வைத்தே மறுப்பதும் சரியில்லை.

முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள் நம்மைப் பார்த்துச் சொல்லும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று பல ஆலயங்களில் குழந்தை ஞானஸ்நானம் பெயர்சூட்டு விழாவாகிவிட்டது. மண்டபம் பிடித்தாகிவிட்டதா, கேக் வந்துவிட்டதா என்பதில்தான் கவனம். ஞானப்பெற்றோர் முன்வந்து நின்று, பிசாசின் கிரியைகளை வெறுப்பதாக அந்தக் குழந்தைக்காக வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிள்ளையின் பிறந்தநாளைக்கூட நினைப்பதில்லை. நான் மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தாய். மூவருக்காகவும் ஒழுங்காக ஜெபித்தேன் என்று சொல்ல என்னால் முடியாது. இந்தக் குறைக்கு மருந்து நாம் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது. இன்னொரு முறை தண்ணீரில் இறங்குவதல்ல.

இந்தச் சண்டை பழையது. கி.பி. 256 வாக்கில், பிரிந்துபோனவர்களிடம் ஞானஸ்நானம் பெற்று வந்தவர்களுக்கு மறுபடி கொடுக்கவேண்டும் என்று கார்த்தேஜின் பிஷப் சிப்ரியான் வாதிட்டார். வேண்டாம், கைவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் ரோமாபுரியின் பிஷப் ஸ்தேவான். மேற்குத் திருச்சபை பின்பு ஸ்தேவானின் வழியையே ஏற்றது. கொடுத்தவர் யார், எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமம் பெரிது என்பதுதான் அதன் பொருள். அந்த நாமத்தில் ஒருமுறை நடந்ததை மறுபடி நடத்தினால், முதல் முறை கடவுள் சொன்னது போதாது என்று ஆகிவிடாதா?

அதே வரலாறு எங்கள் கமிட்டியையும் பார்த்துப் பேசுகிறது. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர், விசுவாசித்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று நம்பி, ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரி 5-ஆம் தேதி கைகளைக் கட்டி லிம்மட் ஆற்றில் மூழ்கடித்தது நகராட்சி மன்றம். அது புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தத்தை ஏற்ற நகரம், சுவிசேஷத்தைப் பிரசங்கித்த நகரம்! மான்ஸின் உபதேசத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அவரை ஆற்றில் தள்ளியவர்கள் பக்கம் ஒருநாளும் நிற்க மாட்டேன். தண்டனையால் யாருடைய மனச்சாட்சியும் தெளிந்ததில்லை.

அத்தைக்கு இந்தச் சபை என்னவென்று கமிட்டியில் உள்ள பாதிப் பேருக்குத் தெரியாது, அவர்கள் வயது அப்படி. எங்கள் பாட்டி உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப்பானையில் போடுவார். சனிக்கிழமைதோறும் அந்தப் பானையை ஆலயத்துக்குத் தூக்கிப்போனவர் அத்தை. சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு நூறு பேரோடு உட்கார்ந்து விடிய விடிய வெங்காயம் உரித்தவர். இடுப்பு எலும்பு முறிந்து அவர் இரண்டு மாதம் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர்கள் இந்தச் சபைப் பெண்கள். அந்த ஜெபக் கூட்டத்துப் பெண்களும் வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கைப்பேசியில் ஆராதனை பார்த்தால் போதும், சபை எதற்கு என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் காட்டுவது அந்தக் கஞ்சிப் பாத்திரங்களைத்தான். எபிரெயர் நிருபம் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று சொல்லும்போது, ஒருவருக்கொருவர் புத்திசொல்வதையும் சேர்த்தே சொல்கிறது. தூரத்தில் இருந்து பார்ப்பவர் யாருக்குப் புத்திசொல்வார்?

அத்தை தவறினார் என்றே நான் நினைக்கிறேன், அவரிடமும் சொன்னேன். தவறினவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு எங்கள் போதகரான ஐயருக்கும் கமிட்டிக்கும் மூன்று மாதம் இருந்தது. ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை. கடிதம் கேட்டு ஆள்தான் வந்தது.

இன்று காலை ஆலய அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 1954. ஓரங்கள் பொடிந்த பக்கம், ஊதா மை. தாத்தாவின் பெயர், தொழில் விவசாயம், இரண்டு ஞானத்தாய்மார், ஒரு ஞானத்தகப்பன். அத்தையின் பெயருக்கு நேரே யாரும் கோடு போடவில்லை. அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சின்னப் பாட்டியா எனக்கு ஞானத்தாய்?" என்று கேட்டார். அது அவருக்கு இத்தனை நாள் தெரியாது.

அடுத்த திருவிருந்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அதற்குள் ஐயரை வீட்டுக்கு அழைத்துவருவேன். அந்த ஞாயிறு அத்தை எழுந்து பீடத்துக்குப் போகும்போது, அவருக்கு அடுத்து முழங்காலில் நிற்பது நானாக இருப்பேன்.