எங்கள் வீட்டுக் கங்காணி

மூன்று வருடங்களுக்கு முன்னர் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பார்டர் கோலி இன நாய்க்குட்டியைக் கொண்டுவந்தோம். அது சாதுவானது, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், சும்மா விட்டாலே வளர்ந்துவிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். முதல் இரண்டும் உண்மைதான்.

ஏழாவது மாதத்தில் ஒரு பின்னேரம், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகளையும் அது வட்டமடித்து வட்டமடித்து வேலியோரமாக ஒதுக்கிவிட்டு, வயிறு தரையில் படத் தாழ்ந்து, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றது. விலகி ஓடிய சின்னவளின் குதிகாலைக் கவ்வியது. தோலில் கீறல்கூட இல்லை, காலுறைதான் எச்சிலில் நனைந்திருந்தது. என்றாலும் அன்றிரவே சங்கிலி வாங்கச் சொல்லிவிட்டார் அத்தை. பக்கத்து லயத்துப் பெரியவரோ, "இது நாய் இல்லைங்க, கங்காணி. பெரட்டு எடுக்குது" என்று சிரித்தார். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்வை செய்பவர் கங்காணி; காலையில் அவர்களைக் கூட்டி வேலை பிரிப்பது பெரட்டு.

அவர் சொன்னதுதான் சரி. உற்றுப் பார்ப்பது, பதுங்கிப் போவது, விரட்டுவது, கவ்விக் கொல்வது என்ற ஓநாயின் வேட்டை வரிசையில் முன்பாதியைக் கூர்மையாக்கி, கடைசிப் பகுதியை மட்டும் அடக்கி வளர்த்தெடுத்த இனம் இது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்து ஆட்டிடையர்கள் இதை ஆக்கினார்கள். 1893இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்து, குரைக்காமல் பார்வையாலேயே மந்தையை நகர்த்திய ஓல்ட் ஹெம்ப் என்ற நாயின் வழிவந்தவையே இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை. அந்த வேலையை நாம் கொடுக்காவிட்டால் அதுவே ஒன்றைத் தேடிக்கொள்கிறது. பிள்ளைகள் அகப்படாத நாளில், வளைவில் திரும்பும் ஆட்டோவின் சக்கரமே அதற்கு ஆடு.

ஆகவே நுவரெலியாக் குளிர் அதன் மயிருக்கு ஒத்துப்போகும் என்பதை மட்டும் பார்த்து வாங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. கட்டிப்போடுவதை அதைவிட வெறுக்கிறேன். கட்டிய நாய் கண்ணில் படும் ஒவ்வொரு அசைவுக்கும் வெறிகொள்ளும், இரவில் வெளியே கட்டினால் சிறுத்தைக்கு இரையாகவும் கூடும்.

நாங்கள் முதலில் பழக்கியது ஓடுவதை அல்ல, நிற்பதை. இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், சோற்றுத் தட்டின் முன் "படு" என்று தொடங்கினோம். பிறகு முற்றத்தில் பிள்ளைகள் நடக்கும்போது, கடைசியாக அவர்கள் ஓடும்போது, பத்து மீற்றர் கயிறோடு, ஒரு நேரத்துக்குப் பத்து நிமிடமாக, நான்கு மாதங்கள் பழக்கினோம். மலையேற்றி இறக்கிக் களைக்க வைக்கலாம் என்று முதலில் நினைத்தது பிழை. அதனால் கால்தான் உரமேறியது, மூளை சும்மாவே கிடந்தது. மந்தையை வலஞ்சுழியாகச் சுற்றிவர 'கம் பை', இடஞ்சுழியாகச் சுற்றிவர 'அவே' என்பார்கள் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து இடையர்கள். சரிவில் பெரிய பந்துகளை உருட்டிவிட்டு நாங்கள் சொல்வது, தோட்டத்து மேற்பிரிவையும் கீழ்ப்பிரிவையும் குறிக்கும் 'மேல்கணக்கு', 'கீழ்க்கணக்கு'.

மழைக்காலத்தில் விரலிடுக்கில் அட்டை தேடுவது தனி வேலை. உண்ணி, சொறிக்கு மருந்து எடுக்கும்போது கோலி இனம் என்பதை மிருக வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த இனங்களில் சில நாய்களுக்கு, மரபணுக் குறைபாட்டினால், ஐவர்மெக்டின் என்ற மருந்தின் அளவு கூடினால் உயிராபத்து.

இப்போது மாலையில் அத்தையின் பதினொரு கோழிகளைக் கூட்டுக்குள் சேர்ப்பது அதன் பொறுப்பு. பத்து கோழிகள் பேசாமல் உள்ளே போய்விடுகின்றன. சேவல் மட்டும் சிறகை விரித்துக்கொண்டு எதிர்த்து நிற்கிறது. நாய் படுத்தபடி அதை முறைக்க, அத்தை சேவலின் பக்கம் நின்று பேசுகிறார்.