விருப்பப் பட்டியலைச் சுருக்காதீர்கள்
பொறியியல் கலந்தாய்வில் பத்து கல்லூரிகளுக்கு மேல் விருப்பம் பதிந்தால் நல்ல கல்லூரி கைநழுவும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு.

கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. பொதுப்பிரிவிலோ அவருடைய இனப்பிரிவிலோ இடம் இருக்கும் முதல் விருப்பத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இருபது இருந்தாலும் இருநூறு இருந்தாலும் தொடுவதே இல்லை. எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் கிடையாது.

காரியத்தைக் கெடுப்பது வரிசைதான். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நோட்டில் ஆசையாக எழுதி வைத்திருந்த வரிசையை விட்டுவிட்டு, "கிடைக்கிறதை முதலில் போடு" என்ற மாமாவின் பேச்சைக் கேட்டாள். கிடைத்தது. நான்காவதாகப் போட்டிருந்த, அவள் மிகவும் விரும்பிய கல்லூரியில் அவளுடைய இனப்பிரிவிலேயே அவளைவிடக் குறைந்த கட்-ஆஃப் (தரவரிசைக்கான மதிப்பெண்) உள்ளவர் சேர்ந்தார். மாமா இன்னும் அறிவுரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

சென்ற ஆண்டு கட்-ஆஃப் உங்களுடையதைவிட ஐந்தாறு மதிப்பெண் கூடுதலாக இருந்த கல்லூரியானாலும், பிடித்திருந்தால் மேலே போடுங்கள். கல்லூரி எண்ணையும் பாடப்பிரிவுக் குறியீட்டையும் ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபாருங்கள். பட்டியலைப் பூட்டிய பிறகு அந்தச் சுற்றில் மாற்ற முடியாது.