மூக்கில் கற்பூர எண்ணெய் விடலாமா?

“தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி, ஒன்றரை வயதுக் குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் ஒரே இரவில் அடைப்பு நீங்கும், எங்கள் அப்பத்தா காலத்து வைத்தியம்” என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது, ஆபத்தானதும்கூட.

கற்பூரம் மூக்கினுள் குளிர்ச்சியைத் தூண்டுவதால் அடைப்பு விலகியதுபோல் தோன்றுமே தவிர, உள்ளே வீங்கிய சவ்வு வற்றுவதில்லை. சவ்வு வழியாகவும் வயிற்றின் வழியாகவும் விரைவில் உடலில் சேரும் அது, சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும். எண்ணெயோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடலாம். கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தடவுவதும் இரண்டு வயது நிறையும்வரை கூடாது. (சாமி வீட்டுக் கற்பூர டப்பாவையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், கல்கண்டு என்று வாயில் போடும் வயது அது.)

மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதுமானது. குழந்தையை மடியில் மல்லாத்தி, தலையைச் சற்றே பின்சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து, இளகி வரும் சளியை மென்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். உணவுக்கும் உறக்கத்துக்கும் முன் செய்தால் பயன் கூடுதல். மூச்சிழுக்கையில் விலாவுக்கிடையே குழி விழுந்தாலோ, பாலும் நீரும் மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.